ஏழு டின்

விடியும்போது விரிந்து
பத்து மணிக்குள் துவண்டுவிடும் பூ.
இந்தத் தீவில் அதற்கென்று ஒரு வண்டு இல்லை.
அதனால் நான்.
எலுமிச்சை முள்ளால் உள்மடலைத் தூக்கி
கட்டைவிரலால் ஒரு அழுத்து.
ஒரு காலையில் ஆயிரம் கல்யாணம் முடித்துவைக்கிறேன்,
ஒன்றிலும் எனக்குப் பந்தி கிடையாது.

பிறகு ஒன்பது மாதம் கொடியிலேயே தொங்கும்.
நாலு பெற்றவள், ஒன்பதின் கனம் தெரியும்.
ஏழில் திருடர்கள் வருவார்கள்.
ஒயின் பாட்டில் தக்கையில் குண்டூசிகள் பதித்து
பச்சைக்காய் ஒவ்வொன்றின் மேலும்
பெயரைக் குத்திவைக்கிறோம்.
வெந்நீரில் முக்கினாலும்
வெயிலில் சுருங்கிக் கறுத்தாலும்
தழும்பு போகாது.
சுவாசாரா என்ற என் பெயருக்கு
பாம்புபோல் வளைந்த ஓர் எழுத்து, பதினொரு ஊசி.
அந்த ஒயினைக் குடித்தது யாரென்று தெரியாது.

எங்கள் அளவை கபுவாகா:
இனிப்புப் பாலை யாரோ குடித்துவிட்டு எறிந்த டின்.
அரிசி அதில். உப்பு அதில்.
ஒரு வருஷம் நல்லதா கெட்டதா என்பதும்
அதில்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்
ஒரு கிலோ பச்சைக்காய்க்கு முந்நூறு டின் அரிசி.
ஊர் முழுக்கத் தகரக் கூரை ஏறியது.
என் கொழுந்தன் பெசாரா ஜெனரேட்டர் வாங்கினான்.
இப்போது அதன்மேல் கோழி அடைகாக்கிறது.
இந்த வருஷம், அறுப்புக்கு ஆறு வாரம் இருக்கும்போதே
விலை வந்துவிட்டது: ஏழு.

ஏன் என்றேன்.
"அங்கே குடோன் நிரம்பிவிட்டதாம்" என்றான் பத்ரீஸ்.
அங்கே என்று சொல்லும்போது
அவன் கை காட்டுவது கடலை.
பார்த்தேன். கடலில் ஒன்றும் இல்லை,
திரும்பி வரும் இரண்டு படகு தவிர.
அவற்றிலும் மீன் இல்லை.
நான் தொட்டால்தான் பூ காயாகிறது.
விலையைத் தொட்ட விரல் எது?

குளிர்மாதங்களில் பத்ரீஸின் முற்றத்தில் எனக்குக் கூலிவேலை.
பகலில் காய்களை வெயிலில் பரப்பி
அந்தியில் கம்பளி சுற்றிப் பெட்டியில் படுக்கவைப்போம்.
வியர்க்க வேண்டுமாம் அவற்றுக்கு.
நாற்பது கம்பளி, ஒவ்வொன்றும் கனமானது.
என் வீட்டில் இருப்பது ஒன்று.
அது இன்று யாருக்கு என்று
ராத்திரிதோறும் வழக்கு நடக்கும்.

கடைசிப் பெண் சஃபிசுவா
கப்பலில் வந்த வனிலா பிஸ்கட் வாங்கினாள்.
உறையில் ஒரு வெள்ளைப் பூ,
எங்கள் பூ அப்படி இருக்காது.
உடைத்துப் பார்த்தேன். ஒரு கறுப்பு விதைகூட இல்லை.
தொழிற்சாலைத் தொட்டியில் காய்ச்சிய வாசனை அது
என்று பிறகு யாரோ சொன்னார்கள்.
"அம்மா, நம்முடையதைவிட இதுதான் வனிலா மாதிரி இருக்கு"
என்று விரலை நக்கினாள்.
அடிக்கவில்லை. அடிக்க என்ன இருக்கிறது,
எனக்கும் அப்படித்தான் பட்டது.

அன்று ராத்திரி
தக்கையிலிருந்து ஊசிகளைப் பிடுங்கினேன்.
ஒரு படுக்கைக் கோடு, ஒரு சாய்ந்த கோடு.
ஏழு.
நாலு ஊசி மிச்சம்கூட ஆயிற்று.
பெயர் திருடனுக்காகக் குத்தியது.
அதன் பக்கத்திலேயே இதைக் குத்தினேன்,
காய் காயாக,
டார்ச்சில் பேட்டரி தீரும்வரை,
தீர்ந்த பிறகு தடவித் தடவி.

அறுப்பன்று பத்ரீஸ் ஒரு காயை வெளிச்சத்தில் பிடித்தான்.
"இது எந்த வீட்டுக் குறி?"
என் வீட்டுக் குறிதான் என்றேன்.
அவனுக்குப் புரிந்தது. தராசைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
"தழும்பு கூடினால் தரம் குறையும், சுவாசாரா.
அங்கே கேட்பார்கள்."
ஆறு டின் கொடுத்தான்.

ஆகவே, எந்த ஊரிலோ இருப்பவரே,
கத்தியை நெடுக்க ஓட்டி
விதையைச் சுரண்டிப் பாலில் இடும்போது
தோலில் புள்ளிப் புள்ளியாய் ஏதாவது தட்டுப்பட்டால்
பூச்சிக்கடி என்று எறிய வேண்டாம்.
விளக்கருகில் பிடித்து வாசியுங்கள்,
ஒன்றைக் கழித்துக்கொண்டு.