செம்மண்

டென்ட்டை உதறினேன்,
தண்டையார்பேட்டை மொட்டைமாடியில்.
தேரிக்காட்டுச் செம்மண்
கீழே தகரக்கூரையில்
பியூலாக்கா காயப்போட்ட நெத்திலிமேல் கொட்டியது.
திட்டினாள். நியாயம்தான்.

மார்கழியில் பதினோரு ராத்திரி,
பழைய ஆம்னி வேன்.
நாகூரில் பனி. தொண்டியில் கொசு.
தூத்துக்குடி உப்பளத்தில்
காவல்காரர் முகத்தில் டார்ச் அடித்தார்:
“வீடுவாசல் இல்லியாவே?”
“கீதுண்ணே, அதான்” என்றான் இம்மானு.

தேரியில் சத்தமே இல்லை.
எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.
கன்டெய்னர் லாரி பெருமூச்சு விடாத இரவில்
எந்தப் பக்கம் தலைவைப்பது?
விடிந்தபோது
வேனின் பின்சக்கரம் பாதி மண்ணுக்குள்.
இம்மானு பல் துலக்கிக்கொண்டே சிரித்தான்.
நான் சோற்றுத்தட்டால் தோண்டினேன்.

இன்று எண்ணூர் சாலையில் வரிசை நகரவில்லை.
நெத்திலியை அலசி மறுபடி பரப்பிவிட்டு
பியூலாக்கா படியேறி வந்தாள்.
துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.
“எத்தினி பேரு படுக்கலாம் இதுல?”