ஈர விறகு

செவ்வாய் இரவு, பௌலிங் கிளப்பின் பின்னறை.
வருகை: பதினொருவர்.
வர இயலாதோர் நால்வர்:
ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குக் கன்று ஈனும் பசு,
இருவர் காரணம் சொல்லவில்லை.
சூப்: பூசணி. உப்பு போதவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளாக
இந்த வார மடலைத் தட்டச்சு செய்வது நான்தான்.
எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியும்.
போன மாதம் மூன்றாம் பக்கத்தில்
"இதுவரை படித்தவருக்கு ஒரு சாக்லேட்" என்று போட்டேன்.
சாக்லேட் இன்னும் என் இழுப்பறையில்.

ஹார்டுவேர் கடை வாசலில் சாசேஜ் சுட்டு விற்றதில்
நானூற்றுப் பன்னிரண்டு டாலர், ஒரு பொத்தான்.
பொத்தான் நீலம். உரியவர் பெற்றுக்கொள்ளலாம்.
நூலகச் சுவரில் மாட்டிய இதய அதிர்வுப் பெட்டிக்கு
பேட்டரி மாற்றியாயிற்று.
இதுவரை அது யாருக்கும் தேவைப்படவில்லை.
கைதட்டினோம்.

இனி, விறகு.

தெற்குத் தீவின் முனையில் ஜூலை என்றால் உறைபனி.
ஒன்பது வீடுகளுக்கு, வீட்டுக்கொரு டிரெய்லர் இறக்கினோம்.
பட்டியலில் கடைசி வீடு, எண் பதினான்கு.
டிப்பெனேயின் கையெழுத்தில் அது பதினேழு.
பதினேழில் இருப்பவர் அத்தோல் கில்கிரிஸ்ட்.

(புதியவர்களுக்கு:
ஏழு ஆண்டுகளுக்கு முன் சாசேஜ் கணக்கில்
முப்பத்தெட்டு டாலர் இடித்தது.
அத்தோல் அப்போது பொருளாளர்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததுதான் அவரை வெளியே அனுப்பியது.
பணம் பிறகு கிடைத்தது,
வெங்காய வாளியின் அடியில், எண்ணெய் ஊறி.
அதையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.
இந்த மடலிலும் வரவில்லை.
தட்டச்சு செய்தது நான்.)

இந்த வாரப் பேச்சாளர், ஆற்றில் விலாங்கு எண்ணும் சினா.
எண்பது வருஷம்கூட நம் பாலத்தடியில் கிடக்குமாம்.
ஒரு நாள் வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கி
டோங்கா பக்கம் போய் முட்டையிட்டுச் சாகும்.
"போனது திரும்புவதில்லை" என்று அவர் சொன்னபோது
கதவு திறந்தது.

அத்தோல்.
தொப்பியில் பனி, கையில் ஒரு விறகுக் கட்டை.
சூப்புக்கும் ரொட்டிக்கும் நடுவே அதை வைத்தார்.
"ஈரம்" என்றார்.
"இன்னும் ஒரு வருஷம் காயணும். புகையத்தான் செய்யும்.
கொடுப்பதென்றால் எரிகிறதைக் கொடுங்கள்."

டிப்பெனே கட்டையைத் தூக்கினான், முகர்ந்தான்.
ஈரம்தான்.
அப்படியானால் மற்ற எட்டு வீடுகளிலும் ஈரம்.
வாரமெல்லாம் இருமிக்கொண்டே
நமக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.
மூன்று என் கோப்பில் இருக்கின்றன.
பதினான்காம் எண்ணில் மட்டும் புகை இல்லை.
அங்கே விறகே போகவில்லை.

அபராதம் விதிக்க லாக்லன் எழுந்தார்.
டிப்பெனேக்கு இரண்டு டாலர், கையெழுத்துக்காக.
தலைவி ஏவ்ரிலுக்கு ஒன்று, சிரித்ததற்கு.
அத்தோலுக்கு இரண்டு,
ஏழாண்டுக் கூட்டங்களுக்கு வராததற்கு.

ஸ்பூன்கள் நின்றன.

அத்தோல் ஐந்து டாலர் தாளை நீட்டினார்.
மீதி கேட்டார்.
எண்ணி வாங்கினார், இரண்டு தடவை.

"அந்த வெங்காய வாளி..." என்று ஆரம்பித்தேன்.
"தெரியும்" என்றார், சூப்பில் உப்பைத் தட்டியபடி,
"அப்போதே."

சனிக்கிழமை விறகு மாற்றம். கையுறை கொண்டுவரவும்.
அத்தோலின் கொட்டகையில்
இரண்டாண்டு காய்ந்த மாக்ரோகார்ப்பா இருக்கிறது.
விலைக்குத்தான். தெளிவாகச் சொல்லிவிட்டார்.

வந்தவர் விருந்தினரா, உறுப்பினரா என்று கேட்டால்
அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறார் ஏவ்ரில்.
அடுத்த செவ்வாய் கோப்பை கழுவும் முறை:
லாக்லன், அத்தோல்.

மூன்றாம் பக்கம். திருத்தம்,
ஏழாண்டு தாமதத்துடன்:
முப்பத்தெட்டு டாலர் கிடைத்துவிட்டது.
கணக்கு சரியாகவே இருந்தது.

சாக்லேட் இன்னும் இருக்கிறது.