நெடுநாள் தொடாதது

கல்லுக்கட்டி மருந்துக்கடையில்
மாலை ஆறு முதல் பத்து வரை வேலை.
நாளைக் காலை கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் இன்டெர்னல்.
பழைய பில்லின் முதுகில் படிக்கிறேன்:

உள்ளங்கைதான் ரிஜிஸ்டர்,
இரண்டு அட்டைக்கு மேல் பிடிக்காது.
கல்லாவுக்கடியில் இழுப்பறை, கேஷ்.
சர்க்கரை, பிரஷர், பாராசிட்டமால்
கேட்டவர் வாய் மூடுமுன் கைக்கு வரும்.
சுவர் அலமாரி மெயின் மெமரி, ஏணி போடணும்.
அங்கும் இல்லையென்றால்
செக்காலை குடோனுக்கு சைக்கிளில் ஆள் போகணும்.
அதுவரை வரிசை முழுக்க என்னை முறைக்கும்.
பைப்லைன் ஸ்டாலை
எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சூடாக விளக்கியதில்லை.

இழுப்பறை சின்னது.
புதிதாய் ஒன்று நுழைய
உள்ளேயிருந்து ஒன்று போகவேண்டும்.
எது? நெடுநாள் தொடாதது.
ஐந்து மதிப்பெண்.

இருமல் சீசன். இடமில்லை.
விரல் போய் நின்றது
புதுவயல் ரைஸ்மில்லில் கணக்கெழுதும்
உமையாளின் இதய மாத்திரையில்.
வெள்ளிதோறும் வருவார்,
சில்லறையைச் சரியாக எண்ணி வைப்பார்.
ஏழு வெள்ளி ஆகிவிட்டது.

மதுரையில் மலிவாகக் கிடைக்கிறதோ,
டாக்டர்தான் மாற்றி எழுதினாரோ,
இல்லை
வேறெதுவுமோ,
விதிக்கு அதெல்லாம் வேண்டாம்.
கடைசியாய்த் தொட்ட தேதி போதும் அதற்கு.

ஏணியில் ஏறி மேல்தட்டில் வைத்தேன்.
இறங்கினேன்.
அடுத்த ஆள் வாய் திறக்குமுன்
திரும்ப ஏறி எடுத்துவந்து
இருமல் மருந்துகளுக்கு நடுவே செருகினேன்.

நாளைத் தேர்வில் சரியாகத்தான் எழுதுவேன்.
இன்று வியாழன்.