ஐந்தில் எத்தனை

யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் பயிற்சி.
குளிரூட்டிய மண்டபம், பத்து மணிக்கு றோல்ஸ்,
வெள்ளைத் திரையில் ஒரு தாமரை
விரிவதும் கூம்புவதுமாய் இருந்தது.
வேலைத்தளத்தில் ஆன்மிகம் என்றார்கள்.
பின்வரிசையில் மேற்றன்மார் இருவர் உறங்கினார்கள்;
நான் அவர்களைக் குறை சொல்லேன்.

கடைசியில் தந்த படிவம்
என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறது:
உங்கள் பணியில் அர்த்தத்தை உணர்கிறீர்களா,
ஒன்று முதல் ஐந்து வரை
ஏதாவதோர் எண்ணை வட்டமிடுக.

பாலைமரக் கிளையில் சேலைன் கட்டித் தொங்கவிட்ட நாள்களில்
எவரும் இதைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
பஞ்சு கிடக்கோ என்று திருப்பிக் கேட்டிருப்பேன்.

வைகாசி.
வற்றாப்பளைப் பொங்கல் வருகிற திங்கள்.
ஏழாம் விடுதியில் பதினொரு தாதிகள்,
பத்து விடுப்புக் கடிதங்கள்.
தர்மினிக்கு, மகனின் காவடி நேர்த்தி.
ஜெசிந்தா வேதக்காரி, அவளுக்கும் போகவேணும்;
காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தாள்,
அம்மாளாச்சி எல்லாருக்கும் பொது.
கேளாதவள் சந்தமாலி ஒருத்திதான்.
கெக்கிராவையில் அவள் வீட்டு வெசாக் கூடும்
அதே கிழமையில்தான் எரியும்.

பென்சிலால் கட்டம் கட்டமாய் நிரப்பும்போது
கேளாதவளின் பெயர் தானாகவே வந்து
இரவுக் கடமையில் உட்கார்ந்துகொள்கிறது.
இருபது வருசமாய் அப்படித்தான் ரோஸ்டர் போட்டேன்.
நிர்வாகம் என்று பெயர்.

போன புதன், விடியப்புறம் மூன்று மணி.
சொல்லாமல் விடுதிக்கு வந்தேன்.
ஒன்பதாம் கட்டிலருகே கதிரையில்
சந்தமாலி, கண் மூடி, மடியில் கை.
விளக்கம் கோரும் கடிதத்தை
எழுதி முடித்த பிறகே இரவறிக்கையைத் திறந்தேன்.
கடிதம் தமிழில்.
எழுத்துக் கூட்டி வாசித்தாள்,
இரண்டு சொல்லில் தடக்கினாள்,
ஒப்பமிட்டாள்.

மத்தியானம்,
தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு
பெனடிக்ற் சொன்னது:
"அந்தாள் ரெண்டு நாற்பதுக்கு முடிஞ்சுது, சிஸ்டர்.
புடையன் கடி. ஒட்டுசுட்டான் பக்கத்து ஆள்.
சொந்தமெண்டு ஒருத்தரும் வரேல்லை.
பிள்ளை தன்ர பாஷையிலை
ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.
கையை விடேல்லை."

மடியில் கிடந்த கை அவளுடையதல்ல.
யாருடையது என்று நான் பார்க்கவில்லை.

ஒப்படைப்புப் புத்தகத்தில்,
மூன்று நேரக் கடமையும் வாசிக்கிற பக்கத்தில்,
நீல மையால் எழுதினேன்:
புதன் இரவு பற்றிய கடிதம் பிழை. பிழை என்னுடையது.
எழுதும்போது விரல் இறுகியது.
தாமரை எதுவும் விரியவில்லை.
சந்தமாலி வாசித்தாள், பக்கத்தை மூடினாள்.
"ஒன்பதாம் கட்டில் மெத்தை மாத்த வேணும், சிஸ்டர்,
கிழிஞ்சு இருக்கு."
ஆளுக்கொரு முனை பிடித்து மாற்றினோம்.

பிறகு அழிறப்பரைத் தேடி எடுத்தேன்.
திங்கள் இரவுக் கட்டத்தில்
என் பெயரைப் பேனையால் எழுதினேன்.
பொறுப்புத் தாதி இரவு செய்வதில்லை என்று
கிளாக்கர் நினைவூட்டினார்.
தெரியும் என்றேன்.

இப்போது கடல்நீரில் விளக்கெரியும் நேரம்.
நந்திக்கடலைத் தாண்டி ஒலிபெருக்கிச் சத்தம்
காற்றோடு வந்து வந்து போகிறது.
முழங்கால் நோகிறது. கண்ணாடி மூக்கில் வழுகுகிறது.
மோர்ஃபின் குப்பிகளை எண்ணுகிறேன், ஆறு.
திரும்ப எண்ணுகிறேன், ஆறு.
ஒரு ஒப்பம் போதாது, இரண்டு வேண்டும்;
எட்டாம் விடுதிப் பிள்ளை கொட்டாவியோடு வந்து
தானும் ஒருமுறை எண்ணி,
என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிப் போகிறது.
என்னை நம்பாமல் எண்ணியது பிடித்திருந்தது.

படிவத்தை வெளியே எடுத்தேன்.
ஐந்துக்குமேல் நின்ற பேனையை நகர்த்தி
மூன்றை வட்டமிட்டேன்.
நாலு என்று போட்டிருக்கலாம்.
நாலாம் கட்டிலில்
சேலைன் முடியப்போகிறது.