பி-ஏழு

சனிக்கிழமை. கூலி வாங்கிய கையில்
பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கிறது.
மேலவெளி வீதி ஓட்டலில்
பெண்டுகளுக்குப் பச்சைத் திரைக்குப் பின்னால்தான் நாற்காலி.
பாட்டுப் பெட்டி அந்தப் பக்கம்.
அதன் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை.
சிவப்பாய் ஒரு வெளிச்சம் மட்டும்
திரைக்கடியில் நுழைந்து
மரகதவல்லியின் கால்விரலைத் தொட்டுவிட்டுப் போகும்.

நாலணாவைச் சூசையிடம் கொடுத்தேன்.
"பி-ஒண்ணு. மறந்துறாத."
அவன் இரண்டு கையிலும் ஆறு தம்ளர்.
முழங்கையால் அமுக்கினானோ என்னவோ

எக்காளம்.
ஒன்றல்ல, ஒரு தெருவே சேர்ந்து ஊதுகிற மாதிரி.
சாம்பார் வாளி நின்றது.
"யாரு வீட்டுக் கல்யாணம்டா?"
"கல்யாணமில்ல, எழவு."
கல்லாவிலிருந்து முதலாளி:
"போட்ட காசு போட்டதுதான்."

போட்டது என் காசு.
அதனால் கேட்டேன்.
முக்கால் மணி நேர வேலை அது,
ஒரு ஊதலையும் விடவில்லை.
நடுவில் ஆண்கள் கூட்டமாய்ப் பாடினார்கள், கேலி போல.
பிறகு ஒரே ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு
குழலில் ஏறினான், ஏறினான்,
இழை அறுந்துபோகும் என்று
என் விரல் தானாக முடிச்சுக்கு நீண்டது.
அறவில்லை.

"என்னா சொல்றான் அதுல?"
திரைக்குள்ளிருந்தே கேட்டேன்.
ரயில்வே காலனி பெரைராவின்
சிரிப்புதான் முதலில் வந்தது.
"இந்தப் பெட்டியத்தாம்மா பாடுறான்.
சனிக்கிழம ராத்திரி, பையில சில்லற,
காசு போட்டா பாட்டு வருதுண்டு."

"அடப்பாவி, அதச் சொல்லவா நாலணா?"
மரகதவல்லிக்குப் பூரி புரையேறியது.

பஸ்ஸுக்கு வைத்திருந்தது முந்தியில் இருந்தது.
திரையை நான்தான் விலக்கினேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அல்லது சொன்னார்கள்.
பெட்டி நினைத்ததைவிடக் குட்டை.
அதன் கண்ணாடியில் என் தலை,
தலையில் பஞ்சு,
பஞ்சுக்குப் பின்னால் கருப்புத் தட்டு ஒன்று
மெதுவாகப் படுத்துக்கொண்டிருந்தது.
பி. ஏழு.
முழங்கையால் அல்ல.

அரசரடி வரைக்கும் நடை.
மரகதவல்லி என்னோடு பேசவேயில்லை.
தண்டவாளம் தாண்டும்போது கவனித்தேன்:
அவள் செருப்பு
அந்தத் தாளத்தைத் தப்புத் தப்பாய்
போட்டுக்கொண்டு வந்தது.