பால் பெட்டிக்குள் ஏரி

ஜனவரியில் டெவில்ஸ் லேக்கில்
பனியைத் துளைபோட்டு
வெர்லின் பிடித்தவை ஒன்பது பைக் மீன்கள்.
முள் எடுத்து, காலிப் பால் பெட்டிகளில் அடுக்கி
அந்த ஏரித் தண்ணீரையே ஊற்றி உறையவைத்தேன்.
ஆறு செங்கல்.
காலில் விழுந்தால் விரல் மிஞ்சாது.

அக்டோபரில் தெற்கே கிளம்புகிறோம்.
பின்னால் இருபத்துநான்கு அடி டிரெய்லர்,
அதன் வயிற்றில் ஒரு ஃபிரிட்ஜ்,
அதற்கு அடியில் சுண்டுவிரல் நகமளவு நீலச் சுடர்.
கேஸ் எரிந்தால்தான் உள்ளே குளிருமாம்.
பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்றவள் நான்.
நெருப்பு இப்படியும் வேலை செய்யும் என்பது
இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

வண்டி ஓடும்போது சுடரை அணைக்கணும், இது என் கட்சி.
எரியட்டும், பால் கெட்டுப்போகும், இது அவர் கட்சி.
பத்தொன்பது பயணமாக நடக்கும் வழக்கு.
கடைசியில் வந்த சமரசம்:
பெட்ரோல் பங்க்குக்கு முன்னால் அணைப்பது,
தாண்டியதும் பற்றவைப்பது.
அணைக்க நான் நினைவூட்ட வேண்டும்.
பற்றவைப்பது அவர் பொறுப்பு.

இன்னொரு விதியும் உண்டு: திறக்கக் கூடாது.
எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும்
ஐம்பது மைல் குளிர் கொட்டிப்போகும் என்பார்.
அதனால் கறுப்புக் காப்பி குடித்தோம்,
யூட்டா முழுக்க, மெஸ்கீட் வரைக்கும்,
மறுநாள் நெவாடா வெயிலிலும்.

கிங்மேனில் இரவு நிறுத்தினோம்.
கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தால்
செருப்புக்கடியில் ஈரம்.
தெர்மாமீட்டரில் ஐம்பத்தொன்று.
நாற்பதைத் தாண்டினால் அதற்குப் பெயர் சாப்பாடு இல்லை,
இதைப் பிள்ளைகளுக்குப் பரிமாறிய கை மறக்காது.
பால் போச்சு, ஹாம் போச்சு,
பாதி ஜாடி மயோனைஸ் போச்சு.
மேல்தட்டில் மீன் மட்டும் விறைப்பு விட்டிருந்ததே தவிர
தொட்டால் கை கடுத்தது.
பெட்டிக்குப் பெட்டி நடுவில்
எலுமிச்சம்பழ அளவுக்கு ஏரி பாக்கி.

"காத்து அணைச்சிருக்கும்" என்றார் வெர்லின்.
"பாலைவனக் காத்து, லேசுப்பட்டதா?"

டார்ச்சோடு குனிந்து பார்த்தேன்.
திருகு 'ஆஃப்'பில் நேராக நின்றது.
நேற்று மதியம் பீவரில், பங்க்கில்,
நான் சொல்லி அவர் திருப்பிய அதே இடம்.
காற்று சுடரை ஊதலாம்.
திருகைத் திருப்ப அதற்கு விரல் கிடையாது.

"ஆமா, என்ன காத்து!" என்றேன்.

இனி மறுபடி உறையவைக்க முடியாது.
வாணலி எடுத்தேன், சோளமாவு, உப்பு.
பக்கத்து லாரியிலிருந்து எஃப்ராயின் என்றொருவர்
வாசனை பிடித்து வந்து மிளகாய் சாஸ் தந்தார்.
கூடாரம் போட்டிருந்த ஒரு குடும்பம்
தட்டோடு வந்தது, கூச்சத்தோடு, பிறகு கூச்சமில்லாமல்.
குவார்ட்ஸைட்டில் எங்களுக்காகக் காத்திருக்கும் ஆர்விட்
இந்த வருடம் மீன் இல்லாமல்தான் கையைக் குலுக்குவான்.

வெர்லின் கதை சொன்னார்.
எந்தத் துளை, எத்தனை அடி ஆழம்,
மைனஸ் இருபத்திரண்டு,
ஐந்தாவது மீன் கவ்வியபோது கையுறை
தண்ணீருக்குள் போனது, இடது கை, பச்சை.
ஒவ்வொரு எண்ணையும் மனசுக்குள் சரிபார்த்தேன்.
ஒன்றுகூடப் பிசகவில்லை.
அதுதான் என்னவோ செய்தது.

அவர் தூங்கிய பிறகு
பெட்டிகளைக் கழுவிக் கிங்மேன் குழாயடியில் நிரப்பினேன்.
குளோரின் வாசம், மண் வாசம், ஏதோ ஒன்று.
அடுக்கி, மூடி,
வெளியே வந்து சுடரைக் கொளுத்தினேன்.
மூன்றாவது சொடுக்கில் பிடித்தது.
கொஞ்ச நேரம் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
சூடாகத்தான் இருந்தது.

நாளை ஒரு பங்க் வரும்.
அணைக்கச் சொல்வேன்.
பிறகு, கால் மரத்துப்போச்சு என்று இறங்கி
பின்பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வருவேன்.