சுத்தமான மூன்றாவது

"மூணு மாசமாத் தண்ணி குறையுதுக்கா,
தரையில ஒரு சொட்டு இல்ல" என்றார் பிலவேந்திரன்.
கோரிமேட்டில் விடிந்து கால் மணி நேரம்.
ஆம்னியின் பின்பக்கம் கூரைவரை பன் தட்டுகள்,
ஏற்காட்டுக் கடைகளுக்கு.
மலை ஏறும் முன் ஒரு பாட்டில்,
பத்தாவது கொண்டை ஊசியில் ஒன்று,
மேலே போய்ச் சேர்ந்ததும் ஒன்று.
ஊற்றுகிறாரா, நேர்ந்துகொண்டிருக்கிறாரா
எனக்குச் சந்தேகம்.

ஹோஸ் மாற்றியாயிற்று. மூடி மாற்றியாயிற்று.
போன மாதம் ஒருத்தர் வாட்டர் பம்பையும் மாற்றி
பழையதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்.
பிரித்துப் பார்த்தேன்.
அது நன்றாகவே இருந்தது.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.
சைலன்சரில் வெள்ளைப் புகை.
வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கம் லாரி போனால் எழுமே,
அந்த வெள்ளை, ஆனால் ஈரம்.
உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தேன். இனிப்பு.
"அது பன் வாசனைக்கா."
பன் சைலன்சர் வழியாகவா வரும்?
அவர் சிரிக்கவில்லை.
மூன்று மாதமாய் அதை முகர்ந்துவிட்டு
பேக்கரிக்காரரைப் பாராட்டியிருக்கிறார்.

பன்கள் மச்சினன் ஆட்டோவில் மலையேறின.
ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பூட்டி
அழுத்தம் ஏற்றினேன்.
வண்டிக்கு அடியில் நேற்றைய பேப்பர்.
ஒரு தட்டுவடை செட் தின்று முடிப்பதற்குள்
முள் பாதிக்கு இறங்கிவிட்டது.
பேப்பர் காய்ந்தே கிடந்தது, ராசிபலன் உட்பட.

சீட்டைத் தூக்கினால்தான் ஆம்னியின் எஞ்சின்.
தினமும் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு
எங்கே ஒழுகுகிறது என்று
ஊரெல்லாம் கேட்டிருக்கிறார் மனிதர்.

முதல் பிளக் கறுப்பு.
இரண்டாவது கறுப்பு, கொஞ்சம் பழுப்பு.
மூன்றாவது கழுவிக் கவிழ்த்த பீங்கான்.
"இது ஒண்ணாவது நல்லா இருக்கே" என்றார்.
அதுதாங்க கெட்டது, என்றேன்.
நெருப்பில் வேலை செய்வது கறுத்துத்தான் இருக்கும்.
டார்ச் அடித்துக் காட்டினேன்:
தண்ணீர் புகுந்து, ஆவி அடித்து அடித்து,
பிஸ்டனின் தலை
சாம்பல் போட்டுத் துலக்கிய குண்டான்போல.
ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

ஆயில் குச்சியைத் துடைத்து விட்டு எடுத்தேன்.
பால் கலக்கவில்லை.
அதைச் சொன்ன பிறகுதான்
சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார்.

ஹெட்டைக் கழற்ற மதியமாயிற்று.
கேஸ்கெட்டில் மூன்றாம் வளையத்தருகே
ஒரு மிளகு நுழையும் அளவு கருகிய வாய்.
இருபது வளைவிலும் தாகம் எடுத்தது
இதற்குத்தான்.

இரும்பு அடிமட்டத்தை ஹெட்டின்மேல் நிறுத்தி
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன்.
நடுவில் ஒரு கீற்று வெயில் தெரிந்தது.
தெரியக் கூடாது.
செவ்வாய்ப்பேட்டை ஹபிபுல்லா லேத்தில்
முடி கனம் சீவி வாங்கி வந்தபோது
அதில் என் முகம் தெரிந்தது, கிரீஸோடு.

போல்ட் முறுக்கும்போது ரேடியோவை நிறுத்திவிடுவேன்.
நடுவில் தொடங்கி, எதிரெதிராய், ஓரம் நோக்கி,
ஒரு சுற்று இலேசாக,
மறுபடி நடுவிலிருந்து,
ரெஞ்ச் டக்கென்று சொல்லும்வரை.
ஓரத்தில் தொடங்கினால்
தகடு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.
பிறகு எப்போதோ, எங்கேயோ ஒரு ஏற்றத்தில் விடும்.

வியாழக்கிழமை ஏழு இருபதுக்குப் போன்.
"பத்தாவது வளைவுல நிக்கறேன்க்கா.
முள்ளு நடுவுலயே இருக்கு, அசையல."
அப்புறம் எதுக்கு நின்னீங்க?
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்.
"கால் தானா பிரேக்குக்குப் போயிருச்சு."

பாட்டிலைக் குரங்கு தூக்கிக்கொண்டு போகிறது என்றார்,
மூடியைத் திருகத் தெரிந்த குரங்கு.
பாக்கி ஆயிரத்து இருநூறைப் பற்றி
இரண்டு பேரும் பேசவில்லை.